இவர்களைப் போல் கேட்டவர் எவர்?

இணையத்தில் பலர் கூடி ஆடும் ஆட்டங்களுக்குள் கடை போட்டிருப்பவர்கள்மீது ஆட்டக்காரர்கள் சொல்லும் புகார் எந்த ஊரிலும் ஒன்றுதான்: “நாங்க சொல்றத இவங்க காதுலயே வாங்க மாட்டேங்கிறாங்க.” கல்லூரிக் காலத்திலிருந்து இந்த ஆட்டங்களில் ஊறியவன் நான். இந்தப் புகார் நியாயமானதாக எனக்குப் படவில்லை. ஆட்டக்காரனை இவர்களைப் போல் கூர்ந்து கவனித்தவர்கள் யாரும் கிடையாது. வரிசையாக எத்தனை முறை தோற்றால் அவன் போனைக் கீழே வைப்பான், எந்தப் பொருளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு வாங்காமல் போனான், எத்தனை நாள் வராமல் இருந்தால் ஒரு சலுகையைக் காட்டித் திரும்ப இழுக்கலாம் என்பதெல்லாம் அவர்களிடம் கணக்காக இருக்கிறது. வாய் சொல்வதைக் கேட்பது யாருக்கும் முடியும். விரல் சொல்வதைக் கேட்கக் கற்றவர்கள் இவர்கள். அந்தத் திறமைக்கு உரிய மரியாதையை இதுவரை யாரும் முழுதாகச் செய்யவில்லை.

என் அக்கா மகன் ஆடும் துப்பாக்கி ஆட்டம் ஒன்றில் ஒரு சக்கரம் வருகிறது. அதை அவன் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகப் பார்த்தேன். வட்டத்தில் பத்துப் பொருள்கள். நடுவில் தீப்பிடித்து எரிவதுபோல் ஒரு துப்பாக்கி ஸ்கின், அதாவது துப்பாக்கிக்கு மாட்டும் அலங்காரத் தோற்றம். பிடிக்காத இரண்டு பொருள்களை ஆடுபவனே எடுத்து வெளியே போட்டுவிடலாம், மீதி எட்டு. முதல் சுற்றுக்கு 9 வைரம்; காசு கொடுத்து வாங்கும் ஆட்ட நாணயம் அது. பிறகு 19, 39, 69, 99, 149, 199. கடைசிச் சுற்றுக்கு 499. ஒருமுறை வந்த பொருள் மறுமுறை வராது. ஆகவே எட்டாவது சுற்று முடியும்போது அந்தத் துப்பாக்கி நிச்சயமாகக் கையில் இருக்கும். ஏமாற்று என்று சொல்ல எதுவும் இல்லை. விலை, விதி, வரிசை எல்லாம் திரையிலேயே எழுதியிருக்கிறது.

இதில் இருக்கும் கைவேலையைக் கவனியுங்கள். இரண்டு பொருள்களை நீக்கும் உரிமை கிடைத்ததும், சக்கரம் தன் சொல் கேட்கும் என்ற தெம்பு பையனுக்கு வந்துவிடுகிறது. ஒன்பது வைரம் காசே இல்லை. ஏழாவது சுற்று முடிந்தபோது அவன் போட்டிருந்தது 583 வைரம்; கிடைத்திருந்தது ஒரு பாராசூட், ஒரு பை, இரண்டு சட்டை, இன்னும் சில சில்லறைகள். மிச்சம் இருப்பது ஒரே பொருள், அந்தத் துப்பாக்கி. “மாமா, இப்ப விட்டா போட்டது எல்லாம் வேஸ்ட்” என்றான். மொத்தக் கணக்கு 1,082 வைரம். இந்தத் துப்பாக்கியை 1,082 வைரத்துக்கு வாங்குகிறாயா என்று அவனிடம் யாரும் நேராகக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பையன் சிரித்துவிட்டு ஆடப் போயிருப்பான். அந்த ஒரு கேள்வியை எட்டுத் துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் அவன் தானாகத் தலையாட்டும்படி அளந்து வைத்திருக்கிறார்கள். பதின்மூன்று வயதுப் பையனின் மனம் எந்தப் படியில் எவ்வளவு எடை தாங்கும் என்பது பெற்றவர்களுக்குத் தெரியாது. இவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

காசைக் கையாளும் விதத்தைத் தனியாகப் பாராட்ட வேண்டும். ‘ஃபோர்ட்நைட்’ ஆட்டத்தின் நாணயம் வி-பக்ஸ். சின்னக் கட்டு ஒன்றில் நெடுங்காலம் 1,000 இருந்தது. ஆசைப்படும் உடை பல சமயம் 1,200. இரண்டு கட்டு வாங்கினால் 800 மிஞ்சும். அந்த 800 சும்மா கிடக்கிறதே என்று அடுத்த உடையைப் பார்க்கத் தோன்றும். ‘கென்ஷின் இம்பாக்ட்’ இதை இன்னும் நுட்பமாகச் செய்தது. பணம் கொடுத்தால் ஒரு படிகம். படிகத்தை மாற்றினால் ஒரு ரத்தினம். 160 ரத்தினத்துக்கு ஒரு சீட்டு. அந்தச் சீட்டை வைத்து ஒரு குலுக்கல். உயர்ந்த ரகக் கதாபாத்திரம் ஒரு குலுக்கலில் வர வாய்ப்பு 0.6 சதவீதம். தொண்ணூறாவது குலுக்கலுக்குள் எப்படியும் ஒன்று வந்துவிடும். வருவது நாம் கேட்ட ஆள்தானா என்பது அப்போதும் உறுதியில்லை. அவர் வராவிட்டால், அதற்கடுத்து வரும் உயர்ரகம் நிச்சயம் அவரே. இத்தனை படி ஏறி வந்தவனுக்கு, தொடங்கிய இடத்தில் கொடுத்தது எத்தனை ரூபாய் என்பது மறந்துபோகும். மறக்கவைப்பது சுலபமான காரியமில்லை. மாதச் சம்பளம் வாங்குபவன் ஐம்பது ரூபாய்க் கீரைக்கட்டுக்குப் பேரம் பேசுகிறான். அவனையே ரூபாய்க் கணக்கை மறக்கவைத்தது பெரிய சாதனை. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் இந்த ஆட்டத்தின் நிறுவனத்தோடு 2 கோடி டாலருக்கு ஓர் உடன்பாடு செய்துகொண்டது. இந்தப் பல அடுக்கு நாணயம் பிள்ளைகளைக் குழப்புகிறது என்பது ஆணையம் வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் இந்தக் குலுக்கலை விற்கக் கூடாது என்றும் அதில் ஒத்துக்கொள்ள வைத்தார்கள்.

அதே ஆணையம் 2022 டிசம்பரில் ஃபோர்ட்நைட்டின் உரிமையாளரான எபிக் கேம்ஸ்மீது வைத்த குற்றச்சாட்டுகளைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் குறையவில்லை. ஆட்டம் தூக்க நிலையிலிருந்து விழித்துக்கொள்ளும் கணத்திலும், திரையில் ஏதோ ஏறிக்கொண்டிருக்கும்போதும், ஒரு பொருளைச் சும்மா பார்க்கலாமே என்று பக்கத்துப் பொத்தானைத் தொட நினைக்கும்போதும், ஒரே அழுத்தலில் காசு போய்விடும்படி பொத்தான்கள் அமைந்திருந்தன என்கிறது ஆணையம். நல்ல ஆட்ட வடிவமைப்பாளனின் முதல் வித்தையே விரல் எங்கே போகும் என்பதை முன்கூட்டி அறிவதுதான். குதிக்க நினைத்தால் குதிக்க வேண்டும், சுட நினைத்தால் சுட வேண்டும். அதற்காகத்தான் மாதக்கணக்கில் சோதிப்பார்கள். அந்த வித்தை இங்கே கடைப் பொத்தானுக்கும் குறைவில்லாமல் போய்ச் சேர்ந்திருக்கிறது. தெரியாமல் வாங்கியதற்குப் பணத்தைத் திரும்பக் கேட்டு வந்த புகார்கள் 10 லட்சத்துக்கு மேல் என்று ஆணையம் சொன்னது. நிறுவனத்துக்குள் வேலை பார்த்தவர்களே பலமுறை எச்சரித்திருக்கிறார்கள். கார்டு நிறுவனத்திடம் முறையிட்டவர்களின் கணக்குகள் பூட்டப்பட்டன. ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கிய பொருள்களும் அதற்குள்ளேயே கிடந்தன. ஒவ்வொரு புகாருக்கும் பதில் கிடைத்திருக்கிறது என்று இதைத்தான் சொல்ல வேண்டும். எபிக் கேம்ஸ் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தர 24 கோடியே 50 லட்சம் டாலர் கொடுக்க ஒத்துக்கொண்டது. பிள்ளைகளின் தனியுரிமை தொடர்பான வழக்குக்குத் தனியாக 27 கோடியே 50 லட்சம்.

இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது ஒரு காப்புரிமை ஆவணம். ஆக்டிவிஷன் என்ற ஆட்ட நிறுவனம் 2015இல் விண்ணப்பித்து 2017 அக்டோபரில் பெற்றது. யாரோடு யாரைச் சேர்த்து ஆடவிடுவது என்ற மேட்ச்மேக்கிங் பற்றியது. நல்ல ஆட்டத்துக்கு உயிரே அதுதான். சமபலம் உள்ளவர்கள் மோதினால் தோற்றவனுக்கும் திருப்தி இருக்கும். அந்த ஆவணம் அங்கே நிற்கவில்லை. புதிதாக வந்த ஒருவனை, கடையில் வாங்கிய ஆயுதம் வைத்திருக்கும் கைதேர்ந்த ஒருவனோடு ஆடவிட்டால், புதியவனுக்கும் அந்த ஆயுதம் வேண்டும் என்று தோன்றும் என்கிறது. அவன் வாங்கிவிட்டால், அந்த ஆயுதம் நன்றாக வேலை செய்யும் களம் ஒன்றில் அடுத்து அவனை இறக்கிவிட வேண்டும். அப்போது, நல்ல பொருளைத்தான் வாங்கினோம் என்று அவன் மனம் ஆறும் என்கிறது. இந்த முறை எந்த ஆட்டத்திலும் பயன்படுத்தப்படவில்லை என்று நிறுவனம் சொன்னது. பயன்பட்டாலும் பயன்படாவிட்டாலும், பொறாமை எப்படி முளைக்கும், வாங்கியவனுக்கு வரும் சந்தேகம் எப்படி அடங்கும் என்பதைச் சட்ட மொழியில், வரைபடம் போட்டு, வெட்கமில்லாமல் இத்தனை தெளிவாக எழுதியவர்கள் மிகக் குறைவு.

வெறும் அழகுக்காக விற்கும் ஸ்கின்களைப் பற்றி எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆட்டத்தின் பலாபலனை அவை தொடுவதில்லை. தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலுக்கு அதியமானின் தூதராகப் போன ஔவை, நெய் பூசி, மயிற்பீலி சூட்டி, கூர் மழுங்காமல் காவலோடு இருந்த வேல்களைப் பாராட்டிவிட்டு வந்த கதை நமக்கெல்லாம் பள்ளியிலேயே தெரியும். இன்றைய கொட்டில்களும் அவர் பாராட்டுக்குத் தகுதியானவைதான்: தங்கமுலாம் பூசிய துப்பாக்கி, பனி உறையும் கத்தி, ஓடும்போது பூத்தூவும் காலணி. ஆனால் அழகு மட்டும் என்று விற்பதும் தொடாமல் விடும் இடமில்லை. எதுவுமே வாங்காமல் ஆடும் பிள்ளையை ஃபோர்ட்நைட்டில் மற்றப் பிள்ளைகள் ‘டிஃபால்ட்’ என்று கேலி செய்கிறார்கள். ஆட்டம் கொடுத்த சட்டையையே அவமானமாக்க முடியும் என்று கண்டுபிடித்தது சாதாரண அறிவில்லை. அதற்குப் பிள்ளைகளின் பள்ளிக்கூட மைதானம் வரைக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மதுரையில் ஒருவன், துபாயில் ஒருவன், சிங்கப்பூரில் ஒருவன் என்று சிதறிப்போன சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளெல்லாம் ராத்திரி பத்து மணிக்குக் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு ஒரே ஸ்க்வாடில் இறங்கி, “டேய், ரிவைவ் பண்ணுடா, பின்னாடி வர்றான்டா” என்று கத்தும் இடம் இந்த ஆட்டங்கள். எங்கள் குடும்பத்தில் கல்யாண வீட்டைவிட அங்கேதான் நாங்கள் அடிக்கடி சந்திக்கிறோம். இதை எங்களுக்கு அமைத்துக் கொடுத்த புரோகிராமர்களுக்கும் ஓவியர்களுக்கும் நான் வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டவன். அந்தச் சந்திப்பின் அருமை எங்களுக்குத் தெரியும். எங்களைவிடக் கடைக்காரருக்கு நன்றாகத் தெரியும். நாலு பேரில் மூன்று பேர் பேட்டில் பாஸ் (படிப்படியாகப் பரிசு தரும் கட்டணச் சீட்டு) வாங்கிவிட்டால் நாலாவது ஆள் எத்தனை நாள் தாங்குவான் என்பதில் அவர் கணக்கு பிசகியதில்லை.

கேட்பதில் தலைசிறந்தவர் யார் என்று போட்டி வைத்தால் என் ஓட்டு கொரியாவின் நெக்ஸனுக்கு. அதன் ‘மேப்பிள்ஸ்டோரி’ 2003இல் வந்தது. பக்கவாட்டில் நகரும், பொம்மைப் படம் போன்ற அழகான ஆட்டம்; ஒரு தலைமுறைக் கொரியப் பிள்ளைகள் அதில் வளர்ந்தார்கள். அதில் ஒவ்வொரு கவசத்துக்கும் ஆயுதத்துக்கும் மறைந்திருக்கும் திறன்கள் மூன்று வரியாக இருக்கும். அந்த மூன்று வரியையும் கலைத்துப் போட்டுப் புதிதாகக் குலுக்க ஒரு கனசதுரம். அதன் பெயர் க்யூப். 2010 மே மாதம் விற்பனைக்கு வந்தது. ஒரு க்யூப் 1,200 வோன். பின்னால் வந்த உயர்ந்த ரகம் 2,200 வோன். ஒன்றைப் போட்டதும் மூன்று வரியும் மாறும். நல்லது வரவில்லையென்றால் இன்னொன்று. விடிய விடிய க்யூப் உருட்டுவது அங்கே தனி வழக்கமாகவே ஆனது.

முதலில் எல்லாத் திறனும் சம வாய்ப்போடு வந்தன. ஆட்டக்காரர்கள் எந்தத் திறனுக்கு ஏங்குகிறார்கள் என்பது போகப் போகத் தெரிந்தது. தெரிந்ததும் நிறுவனம் சும்மா இருக்கவில்லை. 2010 செப்டம்பரில், அதிகம் பேர் விரும்பிய திறன்கள் குறைவாக வரும்படி வாய்ப்புகள் மாற்றப்பட்டன. 2011 ஆகஸ்டில் ஒரு படி மேலே போய், மூன்று வரியும் ஒன்றாக அமைந்தால் ஆட்டக்காரன் ஆகாயத்தில் பறப்பான் என்கிற சில சேர்க்கைகளின் வாய்ப்பு பூஜ்யமாக்கப்பட்டது. ‘பாஸ் அரக்கன்மீது கூடுதல் சேதம்’ என்ற வரி இரண்டு முறை வரலாம். மூன்றாவது முறை வரவே வராது. அந்த மாதம் வெளியான அறிவிப்பு, க்யூபின் செயல்பாட்டில் மாற்றம் எதுவும் இல்லை என்றது. உயர்ந்த ரக க்யூபில் பொருளின் தரம் உயரும் வாய்ப்பும் 1.8 சதவீதத்திலிருந்து 1.4க்கும், பிறகு 1க்கும், யாருக்கும் சொல்லாமல் இறக்கப்பட்டது. கொரிய நியாய வர்த்தக ஆணையம் 2024 ஜனவரியில் வெளியிட்ட முடிவுகள் இவை.

சற்று யோசித்துப் பாருங்கள். லட்சக்கணக்கான ஆட்டக்காரர்களின் ஆசைகளில் எது தலையாயது என்று சரியாகக் கண்டுபிடிக்க வேண்டும். ஒன்றிரண்டு தவறியிருந்தால், யாரும் கேட்காத திறனைப் பூஜ்யமாக்கி வீணாகியிருக்கும். அப்படி எதுவும் ஆகவில்லை. எதற்காக மக்கள் பணம் போடுகிறார்களோ அதையேதான் தேடிப் பிடித்துப் பூஜ்யமாக்கினார்கள். கிடைக்காத பொருளுக்குத்தான் தேவை குறையவே குறையாது என்பது பொருளாதாரப் பாடம். அதைப் பத்து வருடம் நடத்திக் காட்டியது நெக்ஸன். ஆணையத்தின் கணக்குப்படி 2010க்கும் 2021க்கும் இடையில் க்யூப் விற்பனை சுமார் 55,000 கோடி வோன். விதித்த அபராதம் சுமார் 1,160 கோடி வோன்.

உண்மை வெளியே வந்த விதமும் பாராட்டத் தக்கது. ஒருவகையில் நிறுவனமே தன் வாயால் சொன்னது. 2021 பிப்ரவரியில் வந்த ஒரு புதுப்பிப்பு அறிவிப்பில், குறிப்பிட்ட கூடுதல் திறன்கள் இனி சம வாய்ப்போடு கிடைக்கும்படி திருத்தியிருக்கிறோம் என்று ஒரு வரி. இனி சமம் என்றால் இதுவரை? ஆட்டக்காரர்கள் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டார்கள். ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு, மின்பலகை பொருத்திய லாரிகளை வாடகைக்கு எடுத்து, கேள்விகளை அதில் ஓடவிட்டு நெக்ஸன் தலைமையகம் இருக்கும் பாங்யோவில் நிறுத்தினார்கள். ஆட்டத்தை விட்டுவிட்டுப் போகத் தெரியாதவர்கள் இல்லை அவர்கள். பிள்ளைப் பருவத்திலிருந்து ஆடிய ஆட்டம். கணக்குக் கேட்கும் உரிமை தங்களுக்கு உண்டு என்று நினைத்தார்கள். மார்ச் மாதம் க்யூப் வாய்ப்புகளை நிறுவனம் வெளியிட்டது. பூஜ்யம் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், பந்தயக் குதிரைகளைப் பெண்களாக உருவகித்த ‘உமாமுசுமே’ ஆட்டத்தின் கொரிய ஆட்டக்காரர்கள், ஜப்பானில் ஆடுபவர்களைவிடத் தங்களைத் தாழ்வாக நடத்துவதாகக் கோபம் கொண்டு, ககாவ் கேம்ஸ் வாசலுக்கு உண்மையான குதிரை வண்டியையே ஓட்டிச் சென்றார்கள். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. 2024 மார்ச் 22 முதல் குலுக்கல் பொருள்களின் வாய்ப்பு விகிதத்தை வெளியிடுவது கொரியாவில் சட்டப்படி கட்டாயம். லாரியும் குதிரை வண்டியும் வாசலுக்கு வர வேண்டியிருந்தது என்றாலும், வாயால் சொல்வதும் இவர்கள் காதில் விழும் என்பது அங்கே நிரூபணமானது.

பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன் 2019 ஜூனில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் பிரதிநிதி, உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமல் ஆட்டங்களில் வாங்கும் குலுக்கல் பெட்டிகள் குழந்தைகள் வாங்கும் கிண்டர் முட்டையைப் போன்றவை, நெறி தவறாதவை என்று வாதிட்டார். தன்னடக்கம் அது. கிண்டர் முட்டைக்குக் குழந்தை போன வாரம் எத்தனை முட்டை உடைத்தது என்று தெரியாது. எத்தனை மணிக்கு உடைத்தது, எந்தப் பொம்மை வராததால் முகம் வாடியது என்பதும் தெரியாது. தங்கள் பெட்டிக்கு இருக்கும் அறிவை அவர் அன்று அநியாயத்துக்குக் குறைத்துச் சொல்லிவிட்டார்.

கெட்ட காலத்தை நல்ல காலமாக்கிய பெருமை ‘ஓவர்வாட்ச்’ ஆட்டத்துக்கு உரியது. 2016இல் வந்த அந்த ஆட்டத்தில் ஒவ்வொரு நிலை உயரும்போதும் ஒரு லூட் பாக்ஸ், அதாவது குலுக்கல் பெட்டி, கிடைக்கும், காசுக்கும் வாங்கலாம். ஆட்டக்காரர்கள் அதைக் கரித்துக்கொட்டினார்கள். 2018 ஏப்ரலில் பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம், சட்டத்துக்கு விரோதமான சூதாட்டம் என்று சொன்ன மூன்று ஆட்டங்களின் பெட்டிகளில் இதுவும் ஒன்று. 2022 அக்டோபரில் பழைய ஆட்டத்தின் சர்வர்களை அணைத்துவிட்டு ஓவர்வாட்ச் 2 வந்தது. லூட் பாக்ஸ் போய்விட்டது. அதற்குப் பதில் கடையும் பேட்டில் பாஸும். பழையதில் ஆட்டத்தை வாங்கியவனுக்குப் புது வீரர்கள் எல்லோரும் உடனே கிடைப்பார்கள். புதியதில் புது வீராங்கனை கிரிக்கோ பாஸின் 55ஆவது படியில் உட்கார்ந்திருந்தாள். காசு கொடுத்தால் உடனே வருவாள். நல்ல ஸ்கின் ஒன்று 1,900 நாணயம். வாராந்திரச் சவால்களை முடித்தால் வாரத்துக்கு 60 நாணயம். ஒரு சட்டைக்காக ஏழு மாதத்துக்கு மேல் ஒருவாரம்கூடத் தவறாமல் ஆட வேண்டியிருந்தது.

சில வாரங்களிலேயே, லூட் பாக்ஸைத் திட்டித் தீர்த்த அதே ஆட்டக்காரர்கள் அதை நினைத்து ஏங்கத் தொடங்கினார்கள். சூதாட்டம் என்று ஓர் அரசாங்கமே தடுத்த பெட்டியை, அது எவ்வளவு நல்ல பெட்டி, ஆடினால் சும்மாவே கிடைத்ததே என்று மக்கள் வாயாலேயே சொல்லவைத்தார்கள். எந்த விளம்பரத்தாலும் இது ஆகாது. 2024 ஏப்ரலில் புது வீரர்கள் எல்லோருக்கும் இலவசம் என்று ஆக்கினார்கள். 2025 பிப்ரவரியில் லூட் பாக்ஸும் திரும்பி வந்தது, இந்த முறை தனியாக விலைக்கு இல்லாமல், வாய்ப்பு விகிதத்தையும் காட்டிக்கொண்டு. ஆட்டக்காரர்கள் மகிழ்ந்தார்கள். நானும்தான்.

கடைசியாக, முழுமனதோடு நான் பாராட்ட விரும்பும் ஆட்டம் ‘ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃபிரண்ட் 2’. 2017 நவம்பரில் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வெளியிட்டது. உருவாக்கியவர்களில் முதன்மையானவர்கள் ஸ்வீடனின் டைஸ் ஸ்டூடியோ. முழு விலை கொடுத்து வாங்கும் ஆட்டம் அது. உள்ளே போனால் டார்த் வேடராக ஆட 60,000 நாணயம் சேர்க்க வேண்டும். ஏறக்குறைய 40 மணி நேரம் ஆட வேண்டும் என்று ஆட்டக்காரர்கள் கணக்குப் போட்டார்கள். சண்டையில் பலம் கூட்டும் அட்டைகள் குலுக்கல் பெட்டிகளில் வந்தன. பெட்டிகள் காசுக்கும் கிடைத்தன. ரெடிட்டில் ஒருவர் இதைக் கேட்டபோது, உழைத்துத் திறப்பதில் ஒரு பெருமிதமும் சாதித்த உணர்வும் கிடைக்கும் என்று நிறுவனம் பதில் சொன்னது. 6 லட்சத்து 50 ஆயிரத்துக்கு மேல் எதிர்ப்பு ஓட்டு வாங்கி, அந்தத் தளத்தின் வரலாற்றிலேயே அதிகம் வெறுக்கப்பட்ட பதில் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. உடனே வேடரின் விலையை 15,000 ஆகக் குறைத்தார்கள். கூடவே, ஐடன் வெர்சியோ என்ற வீராங்கனையின் விலையை 20,000லிருந்து 5,000 ஆக்கி, அவள் கதைப் பகுதியை முடித்தால் கிடைக்கும் 20,000 நாணயப் பரிசையும் 5,000 ஆக்கினார்கள். குறைப்பதில் பாரபட்சம் காட்டாத கை.

கோபம் தணியவில்லை. ஆட்டம் முறைப்படி வெளியாவதற்கு முந்தைய நாள் காசுக்கடையை மொத்தமாக மூடினார்கள். 2018 மார்ச்சில் வந்த புதுப்பிப்பில் எல்லா வீரர்களும் எல்லோருக்கும் திறந்தார்கள். பலம் கூட்டும் அட்டைகளை ஆடி மட்டுமே பெற முடியும் என்றானது. அடுத்த மாதம் கடை திரும்பி வந்தபோது அதில் உடைகள் மட்டும் இருந்தன.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் டைஸ் செய்த வேலையை இந்தத் துறையில் எவரும் மறுக்க முடியாது. ஓபிவான், கிரீவஸ், டூக்கு, அனகின் என்று புதிய வீரர்கள் வந்தார்கள். எவரையும் நிஜக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஜியோனோசிஸின் செம்மண் புழுதியில் நாற்பது பேர் மோதும் பெருங்களம் வந்தது. வாள் உரசும் ஓசை, கவசத்தில் பட்டுத் தெறிக்கும் ஒளி, ஓடும்போது அங்கி படபடப்பது எல்லாவற்றிலும் உழைப்பு தெரிந்தது. அனகினின் கோபம் விரலில் ஏறும்படி அவனுடைய ஒவ்வொரு வீச்சுக்கும் எடை கொடுத்திருந்தார்கள். ஆட்டக்காரர்கள் கேட்டதைக் கேட்டு, கேட்டபடி செய்தார்கள். 2020 ஏப்ரலில் ஸ்காரிஃப் களத்தோடு புதுப்பிப்புகளை நிறுத்தினார்கள். ஐந்து வருடம் கழித்து, 2025 மே மாதம், கைவிடப்பட்ட அந்த ஆட்டத்துக்குள் ஆயிரக்கணக்கானோர் திரும்ப வந்து, மூன்றாம் பாகம் வேண்டும் என்று கேட்டார்கள். மூன்றாம் பாகம் பற்றி எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸிலிருந்து அறிவிப்பு எதுவும் வரவில்லை.